கூலி வாங்கியதால் பறிபோன தங்கம்

நம்ம விடுதியில் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நடக்கிற சண்டை உங்களுக்குத் தெரியாததில்லை. ஒருத்தர் தன் ஊர் கபடி வீரரைப் பற்றி ஆரம்பிப்பார். அடுத்தவர் விடமாட்டார், தன் மாவட்டத்து ஆளை இழுத்துக்கொண்டு வருவார். விளக்கை அணைத்த பிறகும் இருட்டில் வாதம் ஓடும். யாரும் ஜெயித்ததும் கிடையாது, யாரும் தோற்றதும் கிடையாது.

இதே சண்டை அமெரிக்காவிலும் மாநிலம் மாநிலமாக நடக்கிறது. அங்கே வாதம் அவர்களுடைய ஃபுட்பாலைப் பற்றி. நாம் காலால் உதைக்கிற கால்பந்து வேறு, அது வேறு. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடவேண்டும். எதிரணியில் பதினொரு பேர் மேலே விழுந்து மடக்கப் பார்ப்பார்கள். கபடியில் பாடிப் போனவன் பிடியை உதறிவிட்டுக் கோட்டைத் தொடுகிற மாதிரிதான். அப்படிப் பந்தோடு ஓடுகிறவருக்கு ரன்னிங் பேக் என்று பெயர். டெக்சாஸ்காரர்கள் ஏர்ல் கேம்பெல் என்பார்கள். ஃபுளோரிடாக்காரர்கள் 18,355 கெஜம் ஓடிய எம்மிட் ஸ்மித் என்பார்கள். மிசிசிப்பிக்காரர்களுக்கு 16,726 கெஜம் ஓடி 1999-ல் மறைந்த வால்ட்டர் பேட்டன்தான் உசத்தி.

ஓக்லஹோமா மாநிலத்துக்காரர்களைக் கேட்டால்? 1952-ல் ஹைஸ்மன் கோப்பை வாங்கிய பில்லி வெசல்ஸ் என்று சிலர் சொல்லலாம். 1969-ல் அதே கோப்பையை வாங்கிய ஸ்டீவ் ஓவன்ஸ் என்று சிலர் சொல்லலாம். ஆனால் இவர்களுக்கெல்லாம் முன்னால் ஒருத்தர் இருக்கிறார். அவர் ஜிம் தோர்ப். அவருடைய வாழ்க்கையைத்தான் இந்த மலரில் எழுத ஆசைப்பட்டேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மாநிலம் பிறப்பதற்கு முன் பிறந்தவர்

ஜிம் தோர்ப் பிறந்தது 1887-ஆ, 1888-ஆ என்பதே தகராறு. பிறந்த இடம் இன்றைய ஓக்லஹோமாவில் பிராக் என்ற ஊருக்குப் பக்கம். அப்போது ஓக்லஹோமா என்று ஒரு மாநிலமே கிடையாது! அதற்கு இந்தியன் டெரிட்டரி என்று பெயர். கிழக்கே இருந்த தங்கள் பூமியை விட்டுத் துரத்தப்பட்ட பழங்குடி மக்களைக் கொண்டுவந்து அடைத்த பகுதி அது. மாநிலம் ஆனது 1907-ல். எல்லாப் பழங்குடி மக்களுக்கும் குடியுரிமை என்ற சட்டம் வந்தது 1924-ல். ஆக, சொந்த மாநிலத்தின் தலைசிறந்த வீரர் என்று நாம் வாதாடுகிற ஆள் பிறந்தபோது அவருக்கு மாநிலமும் இல்லை, அவர் இனத்துக்கு முழுக் குடியுரிமையும் இல்லை.

அவர் சாக் அண்ட் ஃபாக்ஸ் என்ற பழங்குடியைச் சேர்ந்தவர். இனத்தார் வைத்த பெயர் வா-தோ-ஹக். ஒளி வீசும் பாதை என்று பொருள் சொல்கிறார்கள். கூடப் பிறந்த இரட்டைச் சகோதரன் சார்லி சின்ன வயசிலேயே காய்ச்சல் கண்டு இறந்துபோனான். அதற்குப் பிறகு ஜிம்முக்குப் பள்ளிக்கூடமே பிடிக்கவில்லை. ஓடிப்போவார், பிடித்துக்கொண்டு வருவார்கள், மறுபடியும் ஓடுவார். அம்மா போனார், 1904-ல் அப்பாவும் போனார். பதினாறு பதினேழு வயசில் யாருமில்லாத பிள்ளை ஆகிவிட்டார்.

தொழிற்பள்ளி மாணவர்

அந்த வருஷம் அவர் சேர்ந்த இடம் பென்சில்வேனியாவில் உள்ள கார்லைல் இண்டஸ்டிரியல் ஸ்கூல். பழைய ராணுவக் குடியிருப்பில் 1879-ல் ஆரம்பித்த பள்ளி. பாதி நாள் பாடம், மீதி நாள் பட்டறை. தச்சு, கருமான் வேலை, தகர வேலை, தையல் எல்லாம் கற்றுத்தந்தார்கள். நம்ம ஒர்க்‌ஷாப் பீரியடை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதில் ஒரு கொடுமையும் உண்டு. பிள்ளைகளின் நீளமான முடியை வெட்டினார்கள், சொந்த மொழியைப் பேசினால் தண்டித்தார்கள். பழங்குடிப் பிள்ளையை வெள்ளைக்காரனாக மாற்றுவதுதான் அந்தப் பள்ளியின் நோக்கமே. விடுமுறையில் பக்கத்துப் பண்ணைகளுக்கு வேலைக்கு அனுப்புவார்கள். படிப்பும் கூலியும் அங்கே கலந்தேதான் இருந்தது.

1907-ல் ஒரு நாள் மைதானத்தின் பக்கமாகப் போன தோர்ப், உயரம் தாண்டத் திணறிய மாணவர்களைப் பார்த்தாராம். வேலை செய்கிற முரட்டுத் துணியோடு அப்படியே ஓடிப்போய் 5 அடி 9 அங்குலம் தாண்டிவிட்டாராம். பாப் வார்னர் என்ற பயிற்சியாளர் விஷயம் கேட்டு அவரைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வரலாறு. 1911 நவம்பரில் இந்தச் சின்னத் தொழிற்பள்ளி, நாட்டின் பெரிய பல்கலைக்கழகமான ஹார்வர்டை 18-க்கு 15 என்று தோற்கடித்தது. அந்த 18 புள்ளிக்குப் பின்னால் தோர்ப்தான் நின்றார். அடிபட்ட காலில் கட்டுப் போட்டுக்கொண்டு நாலு ஃபீல்டு கோல் உதைத்தார், ஒரு டச்டவுனும் போட்டார். 1912 நவம்பரில் ராணுவக் கல்லூரியான வெஸ்ட் பாயின்ட் அணியை 27-க்கு 6 என்று சாய்த்தார்கள். எதிரணியில் தோர்ப்பை மடக்கப் பார்த்தவர்களில் ஒருத்தர் பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆன ஐசனோவர். தகப்பன்மார் காலத்தில் ராணுவமும் பழங்குடியும் துப்பாக்கியால் மோதினார்கள். பிள்ளைகள் காலத்தில் பந்தால் மோதினார்கள். இந்தத் தடவை ஜெயித்தது பழங்குடி!

இரண்டு தங்கம்

இந்த இரண்டு ஆட்டத்துக்கும் நடுவில்தான் 1912 கோடையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் வந்தது. பென்டத்லான் என்றால் ஐந்து போட்டி. அதில் நாலில் முதலிடம் பிடித்துத் தங்கம் வாங்கினார் தோர்ப். டெக்கத்லான் என்றால் பத்துப் போட்டி. அதில் 8,412 புள்ளி. இரண்டாவதாக வந்த ஸ்வீடன் நாட்டு ஹ்யூகோ வீஸ்லாண்டரை விடக் கிட்டத்தட்ட 700 புள்ளி அதிகம். நடுவில் அவருடைய ஷூ காணாமல் போச்சு, கிடைத்த ஜோடி சேராத ஷூவைப் போட்டுக்கொண்டு ஓடினார் என்று சொல்வார்கள். இரண்டு கால்களிலும் வெவ்வேறு காலுறையும் ஷூவும் போட்டு அவர் நிற்கிற புகைப்படம் இருக்கிறது. ஸ்வீடன் மன்னர் ஐந்தாம் குஸ்தாவ் கையால் பரிசு வாங்கினார். நியூயார்க் நகரம் ஊர்வலம் நடத்தி வரவேற்றது.

ஒரு பத்திரிகைச் செய்தி

1913 ஜனவரியில் ஒரு பத்திரிகைச் செய்தி எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. 1909, 1910 கோடைகளில் தோர்ப் வட கரோலினாவில் சின்ன அணிகளுக்குப் பேஸ்பால் ஆடிக் காசு வாங்கினார் என்பதுதான் செய்தி. ஒரு ஆட்டத்துக்கு 2 டாலர் என்றும், வாரத்துக்கு 35 டாலர் வரை என்றும் சொல்லப்படுகிறது. காசு வாங்கி ஆடினவர் ஒலிம்பிக்கில் ஆடக்கூடாது என்பது அந்தக் கால விதி. பதக்கங்களைத் திருப்பிக் கொடு என்றார்கள். சாதனைப் பட்டியலிலிருந்து அவர் பெயரையே அடித்தார்கள்.

இதில் மூன்று விஷயம் கவனிக்கணும். முதலாவது, புகார் இருந்தால் போட்டி முடிந்து 30 நாளுக்குள் சொல்லணும் என்பதும் அதே விதிப்புத்தகத்தில் இருந்தது. செய்தி வந்தது ஆறு மாசம் கழித்து. இரண்டாவது, எத்தனையோ கல்லூரி மாணவர்கள் கோடையில் இதே மாதிரி காசுக்கு ஆடினார்கள், ஆனால் பொய்ப் பெயரில் ஆடினார்கள். தோர்ப் தன் சொந்தப் பெயரிலேயே ஆடினார். மறைக்கணும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. மூன்றாவது, பயிற்சியாளருக்கும் பள்ளிக்கும் இது தெரியாமலா இருந்திருக்கும் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கேட்கிறார்கள். ஆனால் பழி முழுக்க அந்தத் தாய் தகப்பன் இல்லாத பையன் தலையில்தான் விழுந்தது.

காசு வாங்காமல் ஆடு என்று விதி எழுதியவர்கள் யார்? காசுக்குக் கவலையே இல்லாத வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குக் கோடை என்றால் ஓய்வு. இல்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கோடை என்றால் கூலி. ஒரே விதி இரண்டு பேருக்கும் ஒன்றாகவா இருக்கும்? யோசித்துப் பாருங்க.

ஏறினதும் இறங்கினதும்

தோர்ப் உட்கார்ந்து அழவில்லை. அதே 1913-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் பேஸ்பால் ஆடப் போனார். 1915-ல் ஒஹையோவின் கான்டன் புல்டாக்ஸ் அணி ஆட்டத்துக்கு 250 டாலர் கொடுத்து அவரை ஃபுட்பாலுக்குக் கூப்பிட்டது. இன்றைய என்.எஃப்.எல். அமைப்பு 1920-ல் கான்டனில் வேறு பெயரில் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் தோர்ப்தான். 1922, 1923-ல் பழங்குடி வீரர்கள் மட்டுமே உள்ள ஊராங் இண்டியன்ஸ் அணியை நடத்தினார். அணியின் முதலாளி நாய்ப் பண்ணைக்காரர். நாய் விளம்பரத்துக்காக இடைவேளையில் வீரர்களை வேடிக்கை காட்டச் சொன்னார். படிக்கும்போது மனசு வலிக்கத்தான் செய்கிறது. 1928 வரை ஆடினார்.

அதற்குப் பிறகு பொருளாதார மந்தம். உலகத்தின் தலைசிறந்த வீரர் லாஸ் ஏஞ்சல்ஸில் மண் வெட்டும் கூலி வேலை பார்த்தார். 1932-ல் அதே ஊரில் ஒலிம்பிக் நடந்தபோது டிக்கெட் வாங்கக் காசில்லை. செய்தி கேள்விப்பட்டு, துணை ஜனாதிபதி சார்லஸ் கர்ட்டிஸ் தன்னுடன் உட்காரச் சொன்னார். அவருக்கும் உடம்பில் பழங்குடி ரத்தம் உண்டு. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியதாம். சினிமாவில் துண்டு துக்கடா வேஷங்கள் கட்டினார். குடியும் அவரை விடவில்லை, கல்யாணங்களும் நிலைக்கவில்லை. பெரியவர் என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை.

1950-ல் ஏ.பி. செய்தி நிறுவனம் அரை நூற்றாண்டின் மிகச் சிறந்த விளையாட்டு வீரர் என்று அவரைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த வருஷமே உதட்டில் புற்றுநோய். தர்மக் கணக்கில் சிகிச்சை. 1953 மார்ச் 28-ல் காலமானார்.

உடம்பு கூட ஊருக்குத் திரும்பவில்லை. ஓக்லஹோமாவில் நினைவிடம் கட்ட அரசுப் பணம் கிடைக்கவில்லை. மூன்றாவது மனைவி பென்சில்வேனியாவில் இரண்டு சிற்றூர்களோடு பேசி முடித்தார். 1954-ல் அவை ஒன்று சேர்ந்து ஜிம் தோர்ப் என்றே பெயர் வைத்துக்கொண்டன. அவர் வாழாத ஊரில்தான் அவர் சமாதி இருக்கிறது. பிள்ளைகள் 2010-ல் வழக்குப் போட்டார்கள். 2015-ல் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்துவிட்டது.

தங்கம் திரும்பியது

1982-ல் ஒலிம்பிக் கமிட்டி அவர் பெயரைத் திரும்பச் சேர்த்தது. 1983 ஜனவரியில் பிள்ளைகளிடம் புதிதாகச் செய்த பதக்கங்களைக் கொடுத்தார்கள். ஆனால் தனி வெற்றியாளர் என்று சொல்லவில்லை, இன்னொருத்தரோடு கூட்டு வெற்றி என்றார்கள். வீஸ்லாண்டர் குடும்பத்தார், அவர் தன்னை வெற்றியாளராக ஒருபோதும் ஏற்கவில்லை என்று சொன்னார்கள். 2022 ஜூலையில்தான் இரண்டு போட்டிக்கும் தோர்ப் ஒருவரே வெற்றியாளர் என்று அறிவித்தார்கள். போட்டி நடந்து 110 வருஷம்! 2024-ல் அமெரிக்க அரசின் சுதந்திரப் பதக்கமும் வந்தது.

இப்ப நம்ம வாதத்துக்கு வருவோம். தோர்ப் ஓக்லஹோமாவில் எந்தக் கல்லூரிக்கும் ஆடவில்லை, அவரை எப்படிச் சேர்ப்பது என்று கேட்கலாம். அவரைச் சிறு வயதிலேயே வெளியூர் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள் என்பதுதான் பதில். எத்தனை கெஜம் ஓடினார் என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் யாரும் ஒழுங்காகக் கணக்கு வைக்கவில்லை. ஹைஸ்மன் கோப்பை எங்கே என்று கேட்கலாம். கோப்பை வந்ததே 1935-ல். அவர் காலத்தில் ஒரே ஆள் ஓடணும், தடுக்கணும், உதைக்கணும். ஓக்லஹோமாவில் அவர் பெயரில் 1986 முதல் கொடுக்கிற விருது ரன்னிங் பேக்குக்கு அல்ல, தடுத்து ஆடுகிறவருக்கு! அதனால் என் ஓட்டு தோர்ப்புக்கே.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கொத்தனாருக்குக் கையாள். போன கோடை விடுமுறையில் ஒரு லேத் பட்டறையில் வாரக் கூலிக்கு வேலை பார்த்துத்தான் இந்த வருஷ ஃபீஸ் கட்டினேன். நண்பர்கள் கேட்டபோது மாமா ஊருக்குப் போனேன் என்று பொய் சொன்னேன். கூலி வேலை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தோர்ப் கதையைப் படித்த பிறகு அந்த வெட்கம் போச்சு. அவர் கூலி வாங்கினார், சொந்தப் பெயரில் வாங்கினார். தப்பு அவர் பக்கம் இல்லை என்று சொல்ல உலகத்துக்கு 110 வருஷம் ஆச்சு. நம்மில் எத்தனை பேர் விடுமுறையில் வேலைக்குப் போகிறோம் என்று எனக்குத் தெரியும். இனிமேல் யாரும் மறைக்க வேண்டாம், நண்பர்களே. நானும் மறைக்கப்போவதில்லை. வருகிற மே மாசமும் அதே பட்டறையில்தான் இருப்பேன்.



— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு