ஏழைப் பள்ளிகளின் தந்தை புனித யோன் பப்திஸ்த் டி லா சால்

கொழும்பு கொட்டாஞ்சேனையிலுள்ள புனித பெனடிக்ற் கல்லூரியை நீங்கள் அறிவீர்கள். அதனோடு தொடர்புடைய டி லா சால் சகோதரர்களையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அச்சபையைத் தொடக்கிய குருவானவர், பள்ளிக்கூடம் வைக்கும் எண்ணமே இல்லாதிருந்து அவ்வேலையில் அகப்பட்டுக்கொண்டவர் என்பதை அறிவீர்களோ?

யோன் பப்திஸ்த் டி லா சால் 1651 சித்திரை 30ஆந் திகதி, பிரான்ஸ் தேசத்து றெய்ம்ஸ் நகரிலே செல்வக் குடும்பமொன்றின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். 16ஆவது வயதில் பேராலயத்தில் கனோன் பதவி கிடைத்தது. மதிப்பும் நிலையான வருமானமும் உள்ள பதவி அது. 21 வயது நிறையுமுன் பெற்றோர் இருவரும் இறந்துபோக, தம்பி தங்கைமாரின் பாரம் அவர் தலையில் விழுந்தது. 1678இல் குருப்பட்டம் பெற்றார்.

மறு ஆண்டு நியேல் என்னும் ஆசிரியர் றூவான் நகரிலிருந்து வந்தார். ஏழைப் பையன்களுக்கு இலவசப் பள்ளி தொடங்க அவர் உதவி கேட்டார். நம் குருவானவரும் உதவினார். உதவி அத்துடன் முடிந்துவிடும் என்றே எண்ணினார். ஆனால் அந்த ஆசிரியர்களோ பயிற்சியும் ஒழுங்கும் இல்லாதவர்கள். அவர்களை முதலில் தம் வீட்டில் உணவருந்த அழைத்தார். 1681இல் தம்மோடு வசிக்கவே வைத்தார். தம் வேலைக்காரனுக்கும் கீழானவர்களாக ஒருகாலம் தாம் நினைத்தவர்கள் இவர்கள் என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். சுற்றத்தார் சினந்து, தம்பிமார் சிலரை அவரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோயினர்.

அப்பால் நடந்ததை ஊன்றிக் கவனியுங்கள். நாளைய சோற்றுக்கு என்ன வழியென்று ஆசிரியர்கள் கலங்கியபோது, தேவ பராமரிப்பை நம்பும்படி அவர் புத்தி சொன்னார். அவர்களோ, பதவியும் சொத்தும் உள்ளவர் அப்படிப் பேசுவது எளிது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். அது நியாயமான பேச்சுத்தானே! 1683இல் கனோன் பதவியைத் துறந்தார். அதைத் தம் சொந்தத் தம்பிக்குக் கொடுக்கும்படி பலர் வற்புறுத்தியும் கேளாமல் ஏழைக் குரு ஒருவருக்கு விட்டுக்கொடுத்தார். சொத்தைப் பள்ளிகளுக்கு மூலதனமாக வைத்திருக்கலாம், அதையும் செய்யவில்லை. அக்காலத்தில் வந்த பஞ்சத்தில் அதைப் பாணாக்கிப் பகிர்ந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கும், வெளியே வந்து கேட்க வெட்கப்பட்ட குடும்பங்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

இனி அப்பள்ளிகளுக்குள்ளே எட்டிப் பாருங்கள். வாசிப்பு இலத்தீனில் அல்ல, பிள்ளைகள் பேசும் பிரெஞ்சு மொழியிலேயே தொடங்கியது. காலை உணவைப் பிள்ளைகள் வகுப்பிலேயே உண்டார்கள். மிஞ்சிய பாணை ஒரு மாணவன் கூடையிலே சேர்க்க, அது இல்லாத பிள்ளைகளுக்குப் பங்கிடப்பட்டது. ஒருவன் பள்ளிக்கு வராவிட்டால், அந்தந்தத் தெருவுக்கென நியமிக்கப்பட்ட மாணவன் அவன் வீட்டுக்குப் போய் விசாரித்து வருவான். நோயென்றால் அதுவும் தெரிந்துவிடும். எழுத்துப் பயிற்சிக்குப் பற்றுச்சீட்டும் ஒப்பந்தமும் எழுதப் பழக்கினார்கள். கைத்தொழிலாளியின் மகனுக்கு அது எவ்வளவு உபகாரம்! பிள்ளையைச் சீக்கிரம் வேலைக்கு அனுப்பிவிடும் ஏழைப் பெற்றோருக்கு, எழுத வாசிக்கத் தெரிந்தவன் எந்த வேலைக்கும் தகுதியாவான் என்று எடுத்துரைக்கும்படி ஆசிரியர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. பெற்றோரிடமிருந்து கட்டணமோ அன்பளிப்போ வாங்குவது மட்டும் கூடாது.

இந்த இலவசந்தான் பாரிஸ் நகரிலே அவருக்குப் பகைவரைத் தேடிக் கொடுத்தது. 1688இல் அங்கு போன அவர்மேல், கூலிக்கு எழுத்துப் பழக்கிய ஆசிரியர் சங்கத்தார் வழக்குமேல் வழக்குத் தொடர்ந்தனர். 1704இல் பள்ளித் தளபாடங்களும் பறிபோயின. 1691இலேயே அவரும் சகோதரர் இருவரும் ஒரு வாக்குறுதி செய்திருந்தனர்: பிச்சையெடுத்து வெறும் பாணைத் தின்றாலும் இப்பணியை விடுவதில்லை என்று.

1719 சித்திரை 7ஆந் திகதி, பெரிய வெள்ளிக்கிழமை விடியற்காலையில், றூவானில் அவர் இறந்தார். 13ஆம் சிங்கராயர் 1900இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். ஆசிரியர் அனைவருக்கும் பாதுகாவலராக 1950இல் அவரை அறிவித்தவர் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர்.