லயனல் வென்ட்: அழிந்த நெகட்டிவ்களும் எஞ்சிய பிரதிகளும்

கொழும்பில் நாடகம் பார்க்கிறவர்களுக்கு லயனல் வென்ட் என்பது ஒரு மண்டபத்தின் பெயர். பம்பலப்பிட்டிச் சந்தியில் ஓட்டோ பிடித்து வென்ட்டுக்குப் போக வேண்டும் என்றால் போதும், சாரதி மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டார். அந்த மண்டபம் நிற்கும் கில்ட்போர்ட் கிரசன்ட் காணியில் ஒரு காலத்தில் ஒரு வீடு இருந்தது. அல்போராடா என்று அதற்குப் பெயர். வீட்டுக்காரர் பியானோ வாசித்தார், படம் எடுத்தார், ஓவியர்களைக் கூட்டி வைத்துக்கொண்டார், 44 வயதில் இறந்துபோனார். இலங்கையின் பழைய ஒளிப்படங்கள் பற்றிப் பேச்சு வந்தால் அவரைத் தொடாமல் பேசி முடிக்க இயலாது.

லயனல் வென்ட் 1900 டிசம்பரில் கொழும்பில் பிறந்தார். தந்தை ஹென்றி லொரன்ஸ் வென்ட் பறங்கியர், உயர் நீதிமன்ற நீதியரசர். தாய் அமீலியா, டி சேரம் குடும்பத்துச் சிங்களப் பெண். தந்தை 1911 இல் காலமானார், தாயும் சில ஆண்டுகளில் போய்விட்டார். பணத்துக்குக் குறைவில்லாத வீடு, ஆனால் இருபது வயதுக்கு முன்பே பெற்றோர் இல்லாத பிள்ளை. அந்தக் கால வழக்கப்படி பாரிஸ்டர் படிப்புக்கு இலண்டன் அனுப்பினார்கள். சட்டத்தோடு அவர் பியானோவையும் சேர்த்துப் படித்தார். 1924 இல் திரும்பி வந்து சட்டத் தொழிலில் சிறிது காலம் இருந்து பார்த்தார். நீதியரசரின் மகன் கறுப்பு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுப் பியானோவுக்கு முன் அமர்ந்ததை அன்றைய கொழும்பு எப்படிப் பேசியிருக்கும் என்பதை ஊகிக்கக் கடினமில்லை. எங்கள் சமூகத்தில் இன்று ஒருவர் அப்படிச் செய்தாலும் அதே பேச்சுத்தான் வரும்.

1929 இல் சிலி நாட்டின் கொன்சலாக ஓர் இளம் கவிஞர் கொழும்புக்கு வந்தார். பெயர் பாப்லோ நெருடா. அவர் குடியிருந்தது வெள்ளவத்தையில், கடற்கரை ஓரத்தில். ஆங்கிலேய அதிகாரிகளின் விருந்துகள் அவருக்கு ஒத்துவரவில்லை. தனிமையில் இருந்தவருக்குப் பேச்சுத்துணையாகக் கிடைத்தவர் வென்ட். கறுவாத்தோட்டத்தில் இருந்து வெள்ளவத்தைக்குச் சைக்கிளில் ஆள் அனுப்பி மூட்டை மூட்டையாக ஆங்கிலப் புத்தகங்களைக் கொடுத்துவிடுவார் என்று நெருடா தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

அதே நினைவுக் குறிப்புகளில் தமிழர்கள் மறக்கக்கூடாத இன்னொரு பகுதியும் உண்டு. வெள்ளவத்தை வீட்டின் மலசலகூடத்தைச் சுத்தம் செய்ய அதிகாலையில் வந்துபோன தமிழ்ப் பெண் ஒருவரை ஒரு நாள் கையைப் பிடித்து இழுத்துப் பலவந்தப்படுத்தியதை நெருடாவே எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பெண்ணை அவர் ஒரு சிலைக்கு ஒப்பிடுகிறார். அவருக்குப் பெயர் இல்லை. 2018 இல் சிலியில் சந்தியாகோ விமான நிலையத்துக்கு நெருடாவின் பெயரைச் சூட்டும் யோசனை வந்தபோது பெண்கள் அமைப்புகள் இந்தப் பக்கங்களைக் காட்டித்தான் எதிர்த்தன. கவிஞரின் படங்கள் உலகெங்கும் இருக்கின்றன. அந்தப் பெண்ணைப் பற்றி எஞ்சியிருப்பது அவரைத் துன்புறுத்தியவர் எழுதியது மட்டும்.

வென்ட் கமராவைத் தீவிரமாகக் கையில் எடுத்தது முப்பதுகளின் தொடக்கத்தில். 1934 இல் இலங்கை ஒளிப்படச் சங்கத்துக்கு உயிர் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். லேக் ஹவுஸ் நிறுவனத்தின் சித்ராபோட்டோ கலையகத்தையும் நடத்தினார். 1938 இல் இலண்டனில் அவருடைய படங்கள் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன. அதற்குத் துணை நின்றது லைக்கா கமராவைத் தயாரித்த லைட்ஸ் நிறுவனம்.

அவருக்கு முன்பும் இலங்கையில் படப்பிடிப்பு நிலையங்கள் நிறைய இருந்தன. ஸ்கீன், ஸ்கோவன், பிளாட்டே என்று வெள்ளைக்காரர்களின் கடைகள். கப்பலில் வந்து இறங்கும் பயணிகளுக்குக் காட்சிகளாக விற்றார்கள்: தென்னை மரம், யானை, தேயிலை பறிக்கும் பெண், நகை போட்ட தமிழ்ப் பெண். படத்தின் கீழே சாதியோ இனமோ தொழிலோ அச்சிடப்பட்டிருக்கும், ஆளின் பெயர் இராது. ஒளிப்படக் கலையின் பெரும்பெயர்களில் ஒருவரான ஜூலியா மார்கரட் கமரன் கூடத் தன் கடைசி ஆண்டுகளை இலங்கையில் கழித்து 1879 இல் மலையகத்தில் இறந்தார். இங்கே அவர் எடுத்த படங்களில் தோட்டத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். டெனிசனையும் டார்வினையும் பெயர் சொல்லிப் படம் எடுத்த அதே கமராவுக்கு முன்னால் நின்ற இவர்கள் யார் என்பது தெரியாமலே போய்விட்டது.

வென்ட்டின் படங்கள் அந்தக் கடைச் சரக்கிலிருந்து விலகி நின்றன. மீனவரும் கிராமத்து வீட்டு முற்றமும் கண்டி நடனக்காரரும் இடிந்த கோயிலின் கல்லும் அவருடைய படங்களில் விற்பனைக் காட்சிகளாக இல்லை. இருட்டறைக்குள் படத்தைப் பலவிதமாக மாற்றியும் பார்த்தார். ஒளியைக் கூடுதலாகப் பட வைத்து விளிம்புகளைத் தலைகீழாக்குவார், இரண்டு மூன்று படங்களை ஒன்றாக இணைப்பார். பாரிஸில் மான் ரே செய்துகொண்டிருந்த பரிசோதனைகள் கொழும்பிலும் அதே பத்தாண்டில் நடந்திருக்கின்றன. ஆகவே வென்ட்டின் படத்தைப் பார்த்து அன்றைய இலங்கை இப்படித்தான் இருந்தது என்று சத்தியம் செய்வது ஆபத்து. அவர் பார்க்க விரும்பிய இலங்கை அது.

அவர் விரும்பிப் பார்த்தவற்றில் ஆண் உடலும் ஒன்று. வேலை செய்து முறுக்கேறிய இளைஞர்களின் உடலை அவர் எடுத்த விதத்தில் ஒருபால் ஈர்ப்பை இன்றைய ஆய்வாளர்கள் பலர் வாசிக்கிறார்கள். 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை அதைக் குற்றமாக்கி வைத்திருந்த நாடு இது. அந்தப் பிரிவுகளை நீக்கும் முயற்சி இன்றுவரை முடியவில்லை. வாயால் சொல்ல முடியாத ஒன்றைப் படம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் இங்கேயும் பழைய கேள்வி தீரவில்லை. மாளிகையில் இருந்தவர் எடுத்தார், வெயிலில் உழைத்தவர் நின்றார். நின்றவரின் பெயரும் ஊரும் பெரும்பாலான படங்களில் இல்லை. அன்பான பார்வைதான், என்றாலும் ஒருபக்கப் பார்வை.

வென்ட்டின் குரலும் பதிவாகியிருக்கிறது. பசில் ரைட் இயக்கிய இலங்கையின் பாடல் என்ற ஆவணப்படம் 1934 இல் உருவானது. தேயிலையை விளம்பரப்படுத்தக் கொடுத்த பணத்தில் எடுத்த படம் அது. மூதூர்ப் பக்கம் சிறைபிடிக்கப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகள் வைக்கப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் எழுதி 1681 இல் வெளிவந்த நூலின் பகுதிகளைப் படத்தில் வாசிப்பவர் வென்ட். இலங்கைப் பயணத்தில் ரைட்டுக்கு வழிகாட்டியதும் அவரே. பிரசெல்ஸ் விழாவில் முதற்பரிசு பெற்ற அந்தப் படத்திலும் தேயிலை பறிப்பவர்கள் வருகிறார்கள், சந்தை விலை சொல்லும் குரல்கள் அவர்கள் மேல் ஓடுகின்றன. தோட்டத்து மக்களின் சொந்தக் குரலை அதில் தேடினால் கிடைக்காது.

1943 ஓகஸ்டில் ஓவியர்கள் சிலர் வென்ட்டின் வீட்டில் கூடி ஒரு குழுவைத் தொடங்கினார்கள். 43 குழு என்று வரலாற்றில் நிலைத்த அந்தக் கூட்டத்தில் ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தெரணியகல, ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், மஞ்சுஸ்ரீ ஆகியோரோடு எஸ். ஆர். கனகசபை என்ற தமிழரும் இருந்தார். அவர் பெயர் இன்று தமிழர்களிடையே கூட அதிகம் உச்சரிக்கப்படுவதில்லை. கீற்றின் ஓவியங்களுக்கு மேடை அமைத்துக் கொடுத்ததில் தொடங்கி, மற்றவர்களை வளர்ப்பதில் வென்ட் செலவழித்த பணமும் நேரமும் அதிகம். தன் படங்களைத் தொகுத்து நூலாக்க அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. குழு தொடங்கி ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை, 1944 டிசம்பர் 19 அன்று இறந்தார். அடுத்த ஆண்டு தம்பி ஹரியும் இறந்தார்.

பிறகு நடந்தது மனத்தை உறுத்துகிறது. வென்ட்டின் நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. கலைஞர் இறந்தபின் வேறொருவர் பிரதி எடுக்கக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்வது வழக்கம் என்று காரணம் சொல்வார்கள். மரியாதையின் பெயரால் ஒரு காப்பகமே போய்விட்டது. மிஞ்சியது அவர் கையாலேயே அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்தவையும் வீட்டில் இருந்த பிரதிகளும். அவற்றைக் கொண்டுதான் நண்பர்கள் 1950 இல் இலண்டனில் லயனல் வென்ட்டின் சிலோன் என்ற நூலை வெளியிட்டார்கள். வீடு இருந்த காணியில் 1953 இல் அரங்கு திறந்தது.

கொடுத்த பிரதி தப்பும், வைத்திருந்தது போகும். இதைப் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைத் தமிழர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 1983 யூலை 25 அன்று வாக்காளர் பட்டியலோடு வந்தவர்கள் தமிழ் வீடுகளைத் தேடிப்பிடித்துக் கொளுத்தியபோது அலுமாரிக்குள் இருந்த கலியாண அல்பங்களும் சேர்ந்தே எரிந்தன. நகைக்கும் தளபாடத்துக்கும் கணக்குப் போட்டார்கள். அம்மம்மாவின் ஒரே படத்துக்கு யார் கணக்குப் போடுவது? பிறகு யாழ்ப்பாணத்திலோ இலண்டனிலோ இருந்த உறவினர் வீட்டில், எப்போதோ தபாலில் அனுப்பிய ஒரு பிரதி கிடைத்த குடும்பங்கள் உண்டு. அதுவும் கிடைக்காத குடும்பங்களே அதிகம். அந்த நாட்களின் மிகவும் அறியப்பட்ட படம் பொறளையில் சந்திரகுப்த அமரசிங்க எடுத்தது: ஆடை களையப்பட்டு உட்கார்ந்திருக்கும் தமிழர், சுற்றிலும் சிரிக்கும் இளைஞர்கள். படம் எடுத்தவரின் பெயர் நமக்குத் தெரியும். நடுவில் இருப்பவரை உலகம் பெயரில்லாமலே அறிந்திருக்கிறது.

பழைய படங்களைப் பார்த்து அந்தக் கால காலி வீதி எவ்வளவு அமைதி என்று பெருமூச்சு விடுவதில் தவறில்லை. நானும் விடுவேன். ஆனால் படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்க வேண்டும். பென்சிலால் ஒரு பெயர், ஓர் ஆண்டு, ஓர் ஊர் எழுதியிருந்தால் அது சரித்திரச் சான்று. ஒன்றும் இல்லாவிட்டால், சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.

2017 இல் வென்ட்டின் படங்கள் ஏதென்ஸிலும் ஜேர்மனியின் காசலிலும் நடந்த டொக்குமென்டா கலைவிழாவில் வைக்கப்பட்டன. அதே ஆண்டு அம்ஸ்டர்டாமிலும் தனியாக ஒரு கண்காட்சி. எல்லாம் அவர் உயிரோடிருந்தபோது அச்சிட்டவை, எழுபது எண்பது ஆண்டுப் பழைய தாள்கள். ஐரோப்பியச் சுவர்களில், கண்ணாடிக்குப் பின்னால், கொழும்புக்கு வெளியே எங்கோ ஒரு கரையில் நின்ற இளைஞர்கள். கீழே ஒட்டியிருந்த அட்டையில் பெரிய எழுத்தில் இருந்த பெயர் லயனல் வென்ட்.