காசுக்கு மார்க் போட்டவரே நாணயம் தவறிய கதை: யார் இந்த வில்லியம் ஷெல்டன்?

பழைய காசு சேர்ப்பவரா நீங்கள்? அப்போ ‘ஷெல்டன் ஸ்கேல்’ கேள்விப்பட்டிருப்பீர்கள். காசின் தரத்துக்கு 1 முதல் 70 வரை மார்க் போடும் முறை அது.

1898-ல் அமெரிக்காவில் பிறந்த ஷெல்டன், உளவியலாளர். ஆனால் மனசு முழுக்க 1793 முதல் 1814 வரை அச்சான பெரிய செப்பு சென்ட் காசுகள் மேல்தான்.

அச்சு மோதல் என்றால் என்ன?

நடுவில் தகடு இல்லாமல் மேல் அச்சும் கீழ் அச்சும் மோதினால், ஒன்றின் உருவம் மற்றதில் பதிந்துவிடும். அடுத்து வரும் காசுகளில் அது நிழல்போலத் தெரியும். இந்தத் தழும்பு, விரிசல், எழுத்து இடைவெளி எல்லாம் பார்த்துத்தான் எந்தக் காசு எந்த அச்சில் வந்தது என்று கண்டுபிடிப்பார்கள். 1949-ல் அந்த வகைகளைப் புத்தகமாகவே தொகுத்தார் ஷெல்டன்.

குட்டு உடைந்தது எப்படி?

1977-ல் அவர் இறந்த பிறகே விஷயம் வெளியே வந்தது. அமெரிக்க நாணயவியல் சங்கத்தில் இருந்த நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, அதே வகையில் தரம் குறைந்த காசுகளை வைத்திருக்கிறார். ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கும் மேல்! வகை ஒன்றுதானே, யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் பழைய புகைப்படங்கள் காட்டிக்கொடுத்தன. ஒரே அச்சில் வந்தாலும் ஒவ்வொரு காசின் கீறலும் தேய்மானமும் வேறுவேறு.

1990-களில் வழக்கு நடந்து, பல காசுகள் சங்கத்துக்கே திரும்பின. அவருடைய ஸ்கேல் மட்டும் இன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது.