ஊரையே பள்ளிக்கு அழைத்த அதிகாரி

பூண்டியைத் தாண்டி வரும் கொசஸ்தலை ஆறு எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. எண்ணூர் இன்று சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறது. 1950-களில் அதுவும் பூண்டிப் பக்கத்துக் கிராமங்களும் ஒரே செங்கற்பட்டு மாவட்டம். அந்த மாவட்டத்தில், திருவள்ளூரை அடுத்த கடம்பத்தூரில், 1958-ஆம் ஆண்டு ஒரு மாநாடு கூடியது. கட்சி மாநாடு அல்ல; பக்தர் மாநாடும் அல்ல. பள்ளிக்கூடங்களுக்காக ஊர் மக்கள் கூடிய மாநாடு! பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் அதுவே முதலாவது. அதற்குச் சூத்திரதாரி, அன்றைய கல்வி டைரக்டர் நெ. து. சுந்தரவடிவேலு.

பெயருக்கு முன்னால் இருக்கும் 'நெ' என்பது நெய்யாடுபாக்கம். காஞ்சிபுரம் பக்கத்தில் உள்ள சிற்றூர். அங்கே 1912 அக்டோபர் 12-ல் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். சுயமரியாதைக் கொள்கையில் பற்று கொண்டவர். சாதி பாராமல் காந்தம்மாளை மணந்தார். கல்வித் துறையில் சேர்ந்து, பள்ளி ஆய்வாளராக ஊர் ஊராகச் சுற்றினார். ஒழுகும் கூரையையும், பலகை இல்லாத வகுப்பையும், பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளையும் அவர் அறிந்தது கோப்புகளில் அல்ல, நேரில்.

1954-ல் காமராஜர் முதலமைச்சரானார். முந்தைய ஆண்டு வந்த அரைநாள் படிப்புத் திட்டம் கைவிடப்பட்டது. அதே ஆண்டில் சுந்தரவடிவேலு கல்வி டைரக்டர் ஆனார். 1955-ல் ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு மூன்றும் சேர்ந்த திட்டம் வந்தது. 1956-ல் பகல் உணவு தொடங்கியது. அப்போது அரசுக் கஜானாவை மட்டும் நம்பி உலை வைக்கவில்லை. ஊரார் தந்த அரிசியிலும் பருப்பிலும்தான் முதல் சோறு வெந்தது. பிறகு அரசு பங்கு தந்தது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்து நயா பைசா என்றால், ஆறு அரசு தரும். நாலு ஊர் தரவேண்டும்.

சோறு போட வந்த ஊர், பள்ளிக்கூடத்தின் மற்றக் குறைகளையும் பார்க்கத் தொடங்கியது. இதைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். அவர் வகுத்த முறை மிக எளிது. தலைமையாசிரியரும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பள்ளிக்கு என்ன தேவை என்று பட்டியல் போடவேண்டும். கரும்பலகை, மணி, கடிகாரம், பெஞ்சு, நிலப்படம், தண்ணீர்ப் பானை, ஏழைப் பிள்ளைக்குச் சீருடை. வசதி உள்ள இடத்தில் கிணறு, கட்டடம், நிலம். ஆளுக்கு ஒன்றை ஏற்கவேண்டும். பணம் படைத்தவர் கட்டடம் கட்டட்டும். கூலிக்காரர் ஒரு பானை வாங்கித் தரட்டும். கடம்பத்தூருக்குப் பிறகு மாவட்டம் மாவட்டமாக இந்த மாநாடுகள் பரவின. பல மாநாடுகளுக்குக் காமராஜரே வந்தார்.

இதில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. மக்கள் கொடுத்துக்கொண்டே இருந்தால் அரசு கையைக் கழுவிவிடாதா? நியாயமான பயம்தான். ஆனால் அன்று ஆசிரியர் சம்பளத்தை ஊர் தலையில் கட்டவில்லை. புதுப் பள்ளிகள் திறப்பதையும் அரசு நிறுத்தவில்லை. ஒரு மைலுக்குள் ஒரு தொடக்கப்பள்ளி என்பதே குறியாக இருந்தது. இன்னொன்றும் உண்டு. மணி வாங்கிக் கொடுத்தவன், அது நேரத்துக்கு அடிக்கிறதா என்று கேட்பான். வாத்தியார் ஏன் வரவில்லை என்றும் கேட்பான். அந்தக் கேள்விதான் கட்டடத்தைவிடப் பெரிய நன்கொடை என்பது நமது எண்ணம்.

1961-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1969 முதல் 1975 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 'நினைவு அலைகள்' என்ற பெயரில் தன் வரலாற்றை எழுதினார். 1993 ஏப்ரல் 12-ல் காலமானார்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். எண்ணூருக்கும் அதே சட்டம்தான். இங்கே தாய் மீன் கூடையோடு விடியலில் கிளம்பிவிடுவாள். தகப்பனுக்கு ஆலையில் வாரம் ஒரு ஷிப்டு. குழுக் கூட்டத்தை இவர்களுக்குத் தோதான நேரத்தில் வைத்தால், கடம்பத்தூர்க்காரர்கள் போட்டது போன்ற பட்டியலை இவர்களும் ஒரே மாலையில் போட்டுவிடுவார்கள்.