கை நடுங்கிய ஆசிரியர்

கோல்ஃப் நம் வீடுகளில் பேசப்படும் விளையாட்டு அல்ல. ஆனாலும் அதில் பெரும் பெயர் எடுத்த டாமி ஆர்மரின் வாழ்க்கை, நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய ஒன்று என்றே நாம் கருதுகிறோம்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்துக்காரர். முதலாம் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்தபோது நச்சுவாயுவுக்கு இரு கண்களையும் பறிகொடுத்தார். பின்னர் வலக்கண் மட்டும் பார்வை பெற்றது. தலையிலும் இடக்கையிலும் உலோகத் தகடு வைக்க வேண்டியிருந்தது. அந்த உடம்போடுதான் 1920இல் பிரெஞ்சு அமெச்சூர் பட்டத்தை வென்றார். அமெரிக்காவில் குடியேறி, 1924இல் தொழில்முறை ஆட்டக்காரரானார். 1927இல் அமெரிக்க ஓபன், 1930இல் பி.ஜி.ஏ. பட்டம், 1931இல் தாய்நாட்டின் கார்னூஸ்டியில் பிரிட்டிஷ் ஓபன். கடைசி நாள் ஐந்து அடி பின்தங்கியிருந்தவர், ஒரே அடி வித்தியாசத்தில் அதை வென்றார்.

போர் முறிக்காத அந்த மனிதரை முறித்தது, குழிக்கு இரண்டு மூன்று அடி தூரத்தில் கிடக்கும் பந்து! குழந்தைகூடத் தட்டிவிடக்கூடிய தூரம். அங்கே போனதும் கை தன்பாட்டில் வெட்டி இழுத்துவிடும். பெரிய போட்டிகளை விட்டு அவர் விலகியதற்கு இது முக்கியக் காரணம். மற்றவர்கள் வெளியே சொல்லக் கூசிய இந்தக் கோளாறுக்கு யிப்ஸ் என்று பெயர் வைத்ததே அவர்தான் என்பார்கள். தன் பலவீனத்தை மறைக்காத இந்தத் துணிவு, நம் பார்வையில் அவர் வென்ற கோப்பைகளைவிடப் பெரியது.

கற்பிப்பதிலும் அவர் பெயர் பெற்றார். சிகாகோ அருகே மெதினா என்ற கோல்ஃப் சங்கத்தில் பல ஆண்டுகள் பணி. பெயர் நம் மதீனாவின் பெயர்தான், கட்டடத்தில் குவிமாடமும் உண்டு. மற்றபடி நமக்கும் அதற்கும் ஒட்டுறவில்லை. குளிர்காலத்தில் ஃபுளோரிடாவின் போகா ரேட்டனில், குடை நிழலில் நாற்காலி போட்டு அமர்ந்தபடி பாடம் சொல்வார். கட்டணம் அதிகம், ஆனாலும் ஆட்கள் வந்தார்கள். பேப் ஸஹாரியாஸ் போன்ற பெரிய வீராங்கனையும் அவரிடம் பயின்றார்.

அவர் பாடம் எளிமையானது: இடக்கை பிடியை உறுதியாக வைத்திருக்கட்டும், வலக்கை ஓங்கி அடிக்கட்டும். அபாரமான அடிக்கு ஆசைப்படாதே. உனக்கு வரக்கூடிய அடியை, அடுத்த அடி சுலபமாகும்படி அடி. தவறுகளைக் குறைத்தவரே ஜெயிப்பார் என்பது அவர் கணக்கு. கை நடுங்கிப் பார்த்தவருக்குத்தானே அது தெரியும்! இவற்றை 1953இல் நூலாக்கினார், அமோகமாக விற்றது.

1968இல் இறந்தார். இன்று பந்து கையை விட்டுச் சரியாகப் போகாமல் தடுமாறும் கிரிக்கெட் பந்துவீச்சாளருக்கும் யிப்ஸ் என்றுதான் சொல்கிறார்கள்.