விஷ இலையில் மருந்து கண்ட டாக்டர்

மூலிகை என்றதும் நமக்குக் கொல்லிமலை நினைவுக்கு வரும். மூலிகைதானே, கெடுதல் செய்யாது என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் டாக்டர் வில்லியம் வித்தரிங் கதையை அறிய வேண்டும்.

இங்கிலாந்தில் 1741-ல் பிறந்தவர் வித்தரிங். படிக்கும்போது தாவரப் பாடம் என்றாலே அவருக்குக் கசப்பு. பிறகு, அவரிடம் சிகிச்சைக்கு வந்த ஹெலினா என்ற பெண் பூக்களைப் படம் வரைபவர். அவருக்காகப் பூப்பறிக்கப் போனார் டாக்டர். பூவும் பிடித்தது, பெண்ணையும் பிடித்தது! 1772-ல் கல்யாணம் நடந்தது.

1775-ல் ஒரு கிழவியின் ரகசிய மருந்து அவர் காதுக்கு எட்டியது. உடம்பில் நீர் கோத்து வீங்கியவர்களுக்கு அந்தப் பாட்டி கஷாயம் கொடுப்பார். டாக்டர்கள் கைவிட்ட சிலரும் பிழைத்தனர். ஆனால் குடித்தவர்கள் குடல் பிடுங்க வாந்தி எடுத்தனர். அதில் இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. வேலை செய்வது ஒன்றுதான் என்று வித்தரிங் கண்டுபிடித்தார். அதுதான் பாக்ஸ்கிளவ். விரலில் மாட்டும் உறை போன்ற ஊதாப் பூ பூக்கும் விஷச் செடி!

எவ்வளவு கொடுப்பது? அங்கேதான் ஆபத்து இருந்தது. ஆரம்பத்தில் அவரே அதிகமாகக் கொடுத்துவிட்டார். அளவு மீறியவர்களுக்கு வாந்தி வந்தது, தலை சுற்றியது. பார்த்ததெல்லாம் மஞ்சளாக, பச்சையாகத் தெரிந்தது. நாடி நிமிஷத்துக்கு 35 என்று இறங்கியது. உயிர் போவதும் உண்டு.

பத்து ஆண்டுகள் பொறுமையாகக் கவனித்தார். பூக்கும் காலத்தில் இலையைப் பறித்து, உலர்த்திப் பொடித்தார். ஒரு வேளைக்கு அரைக் குன்றிமணி எடை முதல் ஒன்றரைக் குன்றிமணி வரைதான். வாந்தியோ நாடித் தளர்ச்சியோ தெரிந்தால் உடனே நிறுத்திவிடுவார். 150-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரத்தை 1785-ல் புத்தகமாக வெளியிட்டார். குணமானவர்களை மட்டுமல்ல, குணமாகாதவர்களையும் மறைக்காமல் எழுதினார். எத்தனை வைத்தியர்கள் அப்படிச் செய்வார்கள்?

அந்த இனச் செடியிலிருந்து 1930-ல் பிரிக்கப்பட்டதே டிகாக்சின் என்ற இதய மருந்து. அதன் விஷக் குறிகளும் அவையே. சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களுக்கு, வழக்கமான அளவே உடம்பில் தேங்கி விஷமாகலாம். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு உடம்பில் பொட்டாசியம் குறைந்தால் அபாயம் கூடும். பசி எடுக்காததுதான் பலருக்கு முதல் அடையாளம். வயதாகிவிட்டது என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள்! இந்த விஷத்தை முறிக்கும் மருந்து 1976-ல்தான் முதன்முதலாக மனிதருக்குக் கொடுக்கப்பட்டது. நம் ஊர் வேலியோரத்து மஞ்சள் அரளியில் இருப்பதும் இதே வகை விஷம்தான்.

வித்தரிங் 1799-ல் காலமானார். பர்மிங்காம் அருகே எட்ஜ்பாஸ்டன் மாதா கோவிலில் உள்ள அவருடைய நினைவுக் கல்லில் பாக்ஸ்கிளவ் செடியைச் செதுக்கியிருக்கிறார்கள்.