வைத்தியர் ஜான் ஸ்நோ

இங்கிலாந்து தேசத்து யார்க் நகரில், கரிக்கிடங்கிற் கூலிவேலை செய்து பிழைத்த ஒருவரின் மூத்த குமாரராக, 1813-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 15-ந் தேதி ஜான் ஸ்நோ பிறந்தார். பதினான்காம் வயதில் நியூகாசில் நகரத்து இரண வைத்தியர் ஒருவரிடம் தொழில் பயில அமர்ந்தார். 1831-ம் ஆண்டின் இறுதியில் வாந்திபேதி அந்நாட்டில் முதன்முறை புகுந்தது. அப்போது கில்லிங்வர்த் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்குச் சிகிச்சை செய்ய அனுப்பப்பெற்றவர் இவ்விளைஞரே. சுரங்கத்தினுள்ளே மலங்கழிக்கத் தனியிடமின்றி, கழுவாத கையாலேயே அவர்கள் உணவுண்ணும் நிலையைப் பிற்காலத்துத் தம் நூலில் எடுத்துக்காட்டினார்.

1836-ல் இலண்டன் சேர்ந்து, 1844-ல் வைத்தியத்தில் உயர்பட்டம் பெற்றார். ஈதர், குளோரபாரம் ஆகிய மயக்கமருந்துகளை அளவறிந்து கொடுப்பதில் அவருக்கு நிகரானவர் அக்காலத்தில் அரியர். 1853-ல் விக்டோரியா மகாராணியாரின் பிரசவகாலத்துக் குளோரபாரம் கொடுத்தவரும் அவரே. வாயுக்களின் இயல்பை இங்ஙனம் நன்கறிந்திருந்தமையாலேயே, கெட்ட காற்றினால் வாந்திபேதி பரவுகிறதென்று வைத்திய உலகம் அன்று கொண்டிருந்த கொள்கை அவருக்கு ஒவ்வாததாயிற்று. நோய் குடலிலன்றோ தொடங்குகிறது? மூச்சுவழிப் புகும் நஞ்சாயின் நுரையீரலையன்றோ முதலில் தாக்க வேண்டும்? நோயாளியின் மலம் கலந்த நீர் பிறர் வாய்க்குட் செல்வதாலேயே நோய் பரவுகிறதென்று 1849-ல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அதனைக் கற்றோர் படித்தனர், ஆயினும் ஏற்றனரில்லை.

மெய்ப்பிக்கும் வாய்ப்பு 1854-ல் வந்தது. தென் இலண்டனில் இரண்டு கம்பெனிகள் போட்டியிட்டு, ஒரே தெருக்களில் குழாய்கள் பதித்திருந்தன. அவற்றுள் லாம்பெத் கம்பெனி 1852-ல் தன் நீரெடுக்கும் துறையைத் தேம்ஸ் நதியில் நகரின் சாக்கடைக்கு மேற்புறமாக மாற்றிக்கொண்டது. சதர்க்-வாக்ஸால் கம்பெனியோ பழையபடி நகரின் கழிவு கலந்த நீரையே எடுத்து வந்தது. ஒரே தெரு, ஒரே காற்று. செல்வரும் வறியரும் இரண்டிலும் உண்டு. தண்ணீர் ஒன்றே வேறு. சுமார் 3 இலட்சம் ஜனங்களைக்கொண்டு இயற்கையே நடத்திய சோதனை இஃதென ஸ்நோ கண்டுகொண்டார்.

இறந்தோரின் விலாசங்களைப் பதிவு இலாகாவினின்றும் பெற்று, வீடுவீடாகச் சென்று விசாரித்தார். ஒரு வைத்தியர் ஓரளவு துணைசெய்தார். எந்தக் கம்பெனியின் தண்ணீரென்பது வீட்டார் பலருக்குத் தெரியவில்லை. அதற்கும் அவர் வழி கண்டார்: நீரில் வெள்ளியுப்புக் கரைசலைச் சேர்த்து, அதிலுள்ள சாதாரண உப்பை அளந்தார். சதர்க்-வாக்ஸால் நீரில் மற்றதைக் காட்டிலும் ஏறக்குறைய 40 மடங்கு உப்பிருந்தது. முதல் ஏழு வாரக் கணக்கு வருமாறு அமைந்தது: அந்நீர் பெற்ற 40,046 வீடுகளில் 1,263 பேர் மாண்டனர், லாம்பெத் நீர் பெற்ற 26,107 வீடுகளில் 98 பேரே மாண்டனர். பதினாயிரம் வீட்டுக்கு முறையே 315, 37 என்க.

இவ்விசாரணை நடக்கையிலேயே, ஆகஸ்டு 31-ந் தேதி இரவு, அவர் இல்லத்துக்கு அணித்தான சோஹோ பகுதியில் நோய் வெடித்தது. பத்து நாட்களில் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். மடிந்தோர் பெரும்பாலும் பிராட் தெருப் பம்பின் நீரைப் பருகியோர் என்பதை ஸ்நோ கண்டறிந்தார். அருகிருந்த ஏழையர் விடுதியில் 535 பேரிருந்தும் ஐவரே இறந்தனர். அதற்குத் தனிக்கிணறு உண்டு. தொலைவிலுள்ள ஹாம்ஸ்டெட்டில் நோய்வாய்ப்பட்டிறந்த மூதாட்டியோ, பிராட் தெரு நீரின் சுவையை விரும்பி நாடோறும் தருவித்துக் குடித்தவர். அவர் சொற்படி அதிகாரிகள் செப்டம்பர் 8-ந் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினர். இக்கைப்பிடிக் கதையே இன்று எங்கும் பேசப்படுகிறது. ஆனால் ஜனங்கள் ஓடிப்போனமையால் நோய் முன்னரே தணியத் தொடங்கியிருந்ததை ஸ்நோவே மறைக்கவில்லை. நம் எண்ணத்தில், தென் இலண்டன் கணக்கே அவருடைய பெருஞ்செயல்.

அப்பகுதித் திருச்சபையின் உதவிக் குருவாகிய ஹென்றி ஒயிட்ஹெட், இக்கொள்கையை மறுக்கவே விசாரணை தொடங்கியவர். தாம் நன்கறிந்த குடும்பங்களைப் பலமுறை கண்டு வினாவியவர், முடிவில் அதனை மெய்ப்பித்தார். பம்பிற்கு எதிரேயிருந்த 40-ம் எண் வீட்டில் நோயுற்ற ஒரு கைக்குழந்தையின் துணிகளை அலசிய நீர், கிணற்றுக்கு மூன்றடிக்கும் குறைந்த தூரத்திலிருந்த மலக்குழியிற் சென்றதென்பதை வெளிப்படுத்தியவரும் அவரே.

இத்துணைச் சான்றிருந்தும் அரசாங்கச் சுகாதாரச் சபையின் விசாரணைக் குழு 1855-ல் இக்கொள்கையை நிராகரித்தது. அவ்வாண்டு விரித்தெழுதிய நூலுக்கு ஸ்நோ 200 பவுனுக்குமேற் செலவிட்டார். விற்பனையால் நாலு பவுனும் திரும்பவில்லை. லான்செட் பத்திரிகை அவரை ஏளனஞ் செய்தது. மணம்புரியாது வாழ்ந்த அவர், 1858-ம் ஆண்டு ஜூன் மாதம் பக்கவாதத்தால் தம் 45-ம் வயதில் மறைந்தார். அப்பத்திரிகை வெளியிட்ட சில வரி மரணச்செய்தியில் வாந்திபேதி ஆராய்ச்சியைப் பற்றி ஒரு சொல்லுமில்லை.

1866-ல் கிழக்கு இலண்டனில் நோய் பரவியபோது, முன்பு ஐயுற்றிருந்த கணக்கதிகாரி வில்லியம் பார் தண்ணீரே காரணமெனக் கண்டு தெளிந்தார். 1884-ல் ஜெர்மானியப் பண்டிதர் கோக், கல்கத்தாவின் ஒரு குளத்து நீரில் வாந்திபேதிக் கிருமியைக் கண்டார். அக்குளத்தைச் சூழ்ந்து வாழ்ந்தோர் அதிலேயே துணி துவைத்து, அதனையே குடித்து வந்தனர்.